விலகிய நந்தியும் உயர்த்திய கையும்

திருக்குடமுழுக்கு நாள் என்பது ஓர் ஊர் முழுவதும் ஒரே திசை நோக்கிக் கண் திறந்து நிற்கும் நாள் ஆகும். வேள்விச் சாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டு, மேளமும் மறையொலியும் முழங்க, விமானத்தின் உச்சியை அடைந்து, கலசங்களின் மீது புனித நீர் சொரியப்படுகின்ற அந்த ஒரு கணத்தைக் காண்பதற்காக, விடியற்காலை முதல் வீதியிலும் மாடியிலும் மரத்தடியிலும் மக்கள் காத்து நிற்கின்றனர். அவர்கள் வேண்டுவது பொன்னன்று, பொருளன்று. 'நானும் கண்டேன்' என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் பேறு ஒன்றே அவர்கள் வேண்டுவது. கோயிலுக்குச் செல்வதையே 'தரிசனம்' என்று வழங்கும் நாடு நம்முடையது. தரிசனம் என்பதன் பொருள் காண்டல் என்பதை அன்பர்கள் அறிவர்.

இந்நாளில் அக்கணம் வந்தவுடன், கைகள் தலைக்குமேல் குவிவதற்கு முன்னரே கைப்பேசிகள் தலைக்குமேல் உயர்ந்துவிடுகின்றன. முன்னே நிற்பவர் கலசத்தைத் தம் கருவியில் அடக்கிக்கொள்கிறார். பின்னே நிற்பவருக்குக் கலசம் மறைந்து கருவி மட்டுமே தெரிகிறது. இது சிறு செய்தி என்று தள்ளத்தக்கதா? காண்பதற்கென்றே வந்த ஒருவரின் காட்சியைத் தடுப்பது சிறு செய்தியாகுமா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் கரு. ஆயினும், புகைப்படத்தின் மீது வெறுப்புக் கொண்டு இது எழுதப்படவில்லை. திருக்கோயிலுக்கும் புகைப்படத்திற்கும் 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு உண்டு. அவ்வுறவு பெரும்பாலும் நன்மை பயந்த உறவே. அதன் வரலாற்றை அறிந்தோர்க்கு அதன் நெறியும் தானே புலனாகும்.

அடியேன் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர், சோழநாட்டுத் திருத்தலம் ஒன்றில் வசந்த விழாவைக் காணும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. உற்சவ மூர்த்தி நீராழி மண்டபத்தில் எழுந்தருளியிருந்தார். அலங்காரம் நிறைவுறும் வரை திரையிட்டிருந்தனர். குளக்கரைப் படிகளில் கூட்டம் நெருங்கி நின்றது. அடியேனுக்குப் பின்னே, வெளியூரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். திரை விலகிற்று; மணி முழங்கிற்று; அடுக்குத் தீபம் எழுந்தது. கூட்டத்தில் உயர்ந்த கைகள் பல. அவற்றுள் அடியேனுடைய கையும் ஒன்று.

"தம்பி, கையைக் கொஞ்சம் இறக்கப்பா. சாமி தெரியல்லே" என்று பின்னிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு இறக்கிவிடுவோம் என்று எண்ணினேன். ஒன்று இரண்டாயிற்று. நான் கையை இறக்கியபோது தீபம் இறங்கிவிட்டது; திரையும் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மூதாட்டியார் சினந்தாரில்லை. "பரவாயில்லேப்பா. மணி காதிலே விழுந்துது, அதுவே போதும்" என்று கூறிக் கண்களை மூடிக் கும்பிட்டார்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பி நான் எடுத்த படங்களைப் பார்த்தேன். முதற்படத்தில் எனக்கு முன்னே நின்றவர்களின் கைகளும் அவர்களுடைய கைப்பேசிகளும் நன்றாகப் பதிந்திருந்தன. இரண்டாவதில் தீபம் வெறும் ஒளித்திரளாய்ப் பரந்து, சுவாமியின் திருமுகத்தை மறைத்துவிட்டது. ஆக, அம்மூதாட்டியாரும் காணவில்லை, அடியேனும் காணவில்லை. ஒருவர் காட்சியைக் கெடுத்து நான் ஈட்டிய பொருள் ஒன்றுமில்லை. அப்போது நினைவுக்கு வந்தது திருப்புன்கூர்.

திருப்புன்கூர் காட்டும் நெறி

வைத்தீசுவரன் கோயிலுக்கு அண்மையில் உள்ளது திருப்புன்கூர். ஆதனூரில் பிறந்த திருநாளைப்போவார் என்னும் நந்தனார், அங்கே எழுந்தருளியுள்ள சிவலோகநாதரை வழிபட வந்தார். குலத்தின் பெயரால் உள்ளே புக இயலாத நிலையில், வாயிலின் புறத்தே நின்றே அவர் தொழ வேண்டியிருந்தது. அங்கிருந்து நோக்கினால் இறைவனுக்கு எதிரே கிடந்த நந்தி காட்சியை மறைத்தது. நேர் நின்று கும்பிட வேண்டும் என்று அன்பர் உருகினார். இறைவன் நந்தியை விலகும்படி அருளினான்; நந்தியும் விலகிற்று. பெரியபுராணத்தால் நாடறிந்த வரலாறு இது. இன்றும் அத்தலத்தில் நந்தி நேர்க்கோட்டினின்றும் சற்று ஒதுங்கியிருப்பதை யாவரும் காணலாம்.

நந்திக்கும் இறைவனுக்கும் இடையே குறுக்கே போகலாகாது என்பது நம் கோயில்களில் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் வழக்கம். இறைவனை இடையறாது நோக்கியிருப்பதே நந்தியின் பேறு. அந்நோக்கினைத் தடுப்பது குற்றம் என்பது அதன் கருத்து. அத்தகைய பேறு பெற்ற நந்தியே, பின்னே நிற்கும் ஓர் அடியாரின் காட்சிக்காகத் தன் இடத்தை விட்டுக் கொடுத்தது என்றால், நம்மைப் போன்றோர் ஒரு கையை இறக்குவதற்குத் தயங்கலாமா? கூட்டத்தில் படம் எடுப்பதற்கான ஒழுக்கத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அது திருப்புன்கூரில் கல்லிலேயே காட்டப்பட்டிருக்கிறது.

கருவி வருவதற்கு முன்னர்

நிற்க. கோயிற் செல்வங்களை உள்ளவாறு பதிந்து வைக்க வேண்டும் என்னும் எண்ணம் புகைப்படத்தோடு பிறந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழர், தம் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்கெனச் செப்புக்குடம் அளித்த செய்தி அக்கோயிற் கல்வெட்டில் காணப்படுகிறது. அஃது 1010-ஆம் ஆண்டு. அரசரும் அவர் தமக்கையார் குந்தவையாரும் பிறரும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றையும் பற்றி, அதன் உயரம் இத்தனை விரல், திருக்கைகள் இத்தனை, பீடம் இத்தகையது என்று அக்கல்வெட்டுகள் அளந்து கூறுகின்றன. அணிகலன்களில் பதித்த முத்துகளையும் மணிகளையும் எண்ணி எடையிட்டுக் காட்டுகின்றன. சொல்லால் எடுத்த படங்கள் என்று அவற்றைக் கூறுதல் பொருந்தும். தம் காலத்தவர்க்கு மட்டுமன்றி, வருங்காலத்தார்க்கும் கோயிலின் உடைமை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அச்சோழப் பெருமன்னரின் கருத்து.

கருவி வந்த வரலாறு

ஐரோப்பாவில் 1839-ஆம் ஆண்டில் புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் அது தஞ்சையையும் மதுரையையும் எட்டிவிட்டது. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயரைச் சென்னை மாகாண அரசாங்கம் புகைப்படப் பணிக்கென்று 1856-இல் அமர்த்திற்று. அவர் 1857-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். மெழுகு ஊட்டிய தாளை வெள்ளி உப்புகளால் ஒளி உணரச் செய்து, அதில் படம் பிடிப்பது அவர் கையாண்ட முறை. ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. கருவியோ ஒருவர் எளிதில் தூக்க இயலாத பெருஞ்சுமை. தென்னாட்டு வெயிலில், தாள் பழுதுபடாமல் காத்து, ஒரு படத்திற்குப் பல நிமிடங்கள் கருவியை அசையாமல் நிறுத்தி வைத்துச் செய்த அரும்பணி அது.

அவர் எடுத்த மதுரைப் படங்களையும் தஞ்சைப் படங்களையும் இன்று காண்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். பெருங்கோயில்களின் மண்டபங்களும் திருச்சுற்றுகளும் ஆளரவம் இன்றி வெறுமையாகக் காணப்படுகின்றன. அக்காலத்தில் கோயில்களில் மக்களே இல்லை என்று எண்ணுதல் தவறு. கருவி நெடுநேரம் விழித்திருந்து வாங்கும் படத்தில், நடந்து செல்வோர் பதிவாகார். அசையாமல் நின்றோரே பதிவாவர். படம் எடுப்பவரும் காத்திருக்க வேண்டும். எடுக்கப்படுபவரும் அமைதியாக நிற்க வேண்டும். பொறுமை என்பது அக்காலக் கருவியிலேயே அமைந்துவிட்ட ஒழுக்கமாக இருந்தது.

பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்து ஓடும் கல்வெட்டு வரிகளை டிரைப் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார். 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அதனை அமைத்தார். அவ்வெழுத்துகளைப் படித்து உலகிற்கு அளிக்கும் பணி அப்போது தொடங்கியிருக்கவில்லை. 1886-இல் கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்தப்பட்ட ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தஞ்சைக் கல்வெட்டுகளை 1891 முதல் நூலாக வெளியிடத் தொடங்கினார். இராசராசர் சொல்லால் எடுத்த படத்தை டிரைப் ஒளியால் படம் எடுத்தார். ஹுல்ஷ் அச்சால் பரப்பினார் எனலாம். கல்லும் தாளும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நின்ற வரலாறு இது.

வீடுதோறும் திருவுருவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. ஓவியர் இரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கும் பிற அச்சகங்களிலும் அச்சான தெய்வப் படங்கள் நாடெங்கும் பரவின. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் குடிசைகளிலும் இறைவனின் திருவுருவம் எழுந்தருளிற்று. பின்னர்ப் புகைப்பட நிலையங்கள் ஊர்தோறும் தோன்றி, உற்சவர் வீதி உலாக் காட்சிகளைப் படமாக்கி, கண்ணாடியிட்டு விற்கலாயின. மூலவரைப் படம் எடுக்கலாகாது, வீதிக்கு எழுந்தருளும் உற்சவரை எடுக்கலாம் என்னும் வழக்கமும் பல கோயில்களில் நிலைபெற்றது. மூலவரைக் காண வேண்டுமாயின் நாம் அவரிடம் செல்ல வேண்டும். உற்சவரோ நம்மிடம் வருகிறார். இந்த வேறுபாட்டை உணர்ந்த முன்னோர் வகுத்த வழக்கம் அது.

அதே காலத்தில் கருவியும் எளிதாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் வெளியிட்ட கோடக் கருவியில், ஒரே சுருளில் 100 படங்கள் எடுக்க முடிந்தது. 1900-இல் வந்த பிரௌனி என்னும் சிறு கருவியின் விலை ஒரு டாலர். படம் எடுத்தல் தொழில் அறிந்தோர் செயலாக இருந்தது போய், பொதுமக்கள் செயலாக மாறிற்று. ஆயினும் சுருள் தீர்ந்துவிடுமே என்னும் அச்சம் ஒரு வேலியாக நின்றது. எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

படம் செய்த பேருதவி

புகைப்படம் திருக்கோயிலுக்குச் செய்த தொண்டுகளில் தலையாயது ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் தமிழகத்துக் கோயில்களைப் படம் எடுத்துத் தொகுத்து வைக்கும் பணியை மேற்கொண்டது. பெருங்கோயில்களோடு, விளக்கேற்றவும் ஆளில்லாத சிற்றூர்க் கோயில்களுக்கும் அதன் புகைப்படக்காரர்கள் சென்றனர். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. அவற்றை எடுத்தபோது, அவை பிற்காலத்தில் வழக்குமன்றச் சான்றாகும் என்று பலர் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானில் பூட்டிக் கிடந்த பழங்கோயிலிலிருந்து நடராசர் திருமேனி 2006-இல் களவு போயிற்று. 2008-இல் ஆஸ்திரேலியத் தலைநகரமாகிய கான்பெராவின் தேசிய கலைக்கூடம், ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதனை வாங்கிற்று. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலுக்கு உரிய அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்றும் சிட்னி நகரக் கலைக்கூடத்தைச் சென்றடைந்திருந்தது. புதுச்சேரித் தொகுப்பில் இருந்த பழம்படங்களோடு ஒப்பு நோக்கியபோது, அவை நம் கோயில்களுக்கு உரியவை என்பது தெளிவாயிற்று. 2014 செப்டம்பரில் இரு திருமேனிகளும் இந்தியாவிடம் திருப்பி அளிக்கப்பட்டன. கூத்தப்பெருமான் கடல் கடந்து மீண்டதற்கு, என்றோ ஒருநாள் யாரோ ஒரு புகைப்படக்காரர் ஆளற்ற சிற்றூர்க் கோயிலில் பொறுமையோடு எடுத்த படம் துணை நின்றது.

இதனால் அறியத்தக்கது யாது? அப்படங்கள் உரியோரின் இசைவு பெற்று எடுக்கப்பட்டவை. எவருடைய வழிபாட்டிற்கும் இடையூறாக எடுக்கப்படாதவை. எடுத்தவர் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் திருமேனியைக் காட்டியவை. பொதுவில் பாதுகாத்து வைக்கப்பட்டவை. ஆகவே அவை தொண்டாயின.

கைப்பேசிக் காலம்

2000-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானில் புகைப்படக் கருவி பொருத்திய கைப்பேசிகள் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் அவை உலகெங்கும் பரவின. சுருள் இல்லை, செலவு இல்லை, எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வேலி முற்றிலும் நீங்கிவிட்டது. தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும் 'செல்பி' என்னும் சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியார் 2013-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர். முன்னாளில் கருவியே வற்புறுத்திய பொறுமையை, இனி மனிதர் தாமே மேற்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்த இடர் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ரோமாபுரியில் வத்திக்கானைச் சேர்ந்த சிஸ்டைன் ஆலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய விதான ஓவியங்களைக் காண நாள்தோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. அவ்வாலயத்து ஓவியங்களைத் தூய்மை செய்யும் பணி 1980 முதல் 1994 வரை நடந்தது. அதற்குப் பொருளுதவி செய்த ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனத்திற்குப் படம் எடுக்கும் தனியுரிமை அளிக்கப்பட்டது. அவ்வுரிமைக் காலம் முடிந்த பின்னரும் பொதுமக்கள் அங்கே படம் எடுத்தல் கூடாது என்னும் விதி நீடிக்கிறது. ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரத்தில் கியோன் என்னும் பழம்பகுதியில், கலைப்பயிற்சி பெறும் இளம்பெண்களைச் சுற்றுலாவினர் துரத்திச் சென்று படம் எடுத்தனர். பொறுக்கலாற்றாத அப்பகுதியார், தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் தண்டம் என்று 2019-இல் பலகை வைத்தனர். நம் நாட்டிலும், ஆக்ராவில் தாஜ்மகாலின் புறத்தே படம் எடுக்கலாம். கல்லறை அமைந்த உள்மண்டபத்தில் எடுக்கலாகாது. திருமலையில் சுவாமி தரிசனத்திற்குச் செல்வோர் கைப்பேசியைக் கொடுத்துவிட்டே செல்ல வேண்டும்.

தமிழகத்தில், திருச்செந்தூர்த் திருக்கோயிலைப் பற்றிய வழக்கு ஒன்றில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. திருக்கோயில்களின் தூய்மையையும் மாண்பையும் காக்கும் பொருட்டு, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டும் என்பது அவ்வாணை. கைப்பேசிகளை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் அறைகள் பல கோயில் வாயில்களில் அமைந்தன. 'நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதாயிற்றே' என்று நாம் வருந்துதல் தகும். நம்மை நாமே கட்டுப்படுத்திக்கொண்டிருப்போமாயின், நம்மைக் கட்டுப்படுத்த ஆணை வேண்டியிருந்திராது.

காணும் உரிமை

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றை நினைத்தல் வேண்டும். கோயிலுக்குள் நின்று கடவுளைக் காணும் உரிமை இந்நாட்டில் எல்லார்க்கும் எளிதிற் கிடைத்ததன்று. நந்தனார் வாயிலுக்கு வெளியே நின்றார். அவர் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் வெளியே நின்றனர். 1939 ஜூலை 8-ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அதற்கு எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் எழுந்தன, சட்டங்கள் தோன்றின. 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. திருப்புன்கூரில் ஒருவர்க்காக விலகிய தடை, நாடு முழுவதும் சட்டத்தால் விலகிற்று.

இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற உரிமை, கடைசி நான்கு அடித் தொலைவில், முன்னே நிற்பவரின் உயர்த்திய கையால் தடுக்கப்படலாமா? பெருமதில்களும் வழக்கங்களும் மறைத்த காட்சியைத் திறந்துவிட்ட பின்னர், உள்ளங்கையளவு கண்ணாடி அதனை மறைக்கலாமா? என் பின்னே நின்ற மூதாட்டியாரின் முன்னோர் எவ்வாயிலின் புறத்தே நின்றனர் என்பதை யான் அறியேன். அவர் கேட்டது யாரிடமும் கேட்க வேண்டாத ஓர் உரிமை என்பதை மட்டும் பின்னரே அறிந்தேன்.

கடைப்பிடிக்கத்தக்கவை

ஆதலின் அன்பர்கள் மனங்கொள்ள வேண்டியவை சில உண்டு. சந்நிதியில் முதலில் கண்ணால் காண்க, கையால் தொழுக. தீபாராதனையின்போதும், திரை விலகும்போதும், கலசத்தில் நீர் சொரியும்போதும் கருவி தாழ்ந்திருக்கட்டும். படம் எடுக்க இசைவு உள்ள இடங்களில், கூட்டம் கலைந்த பின்னர், ஓரமாக ஒதுங்கி நின்று எடுத்தல் நன்று. கருவியை மார்பளவில் பிடித்தால் பின்னே நிற்பவர்க்கு இடையூறில்லை. படிக்கட்டிலும் குறுகிய வாயிலிலும் திருச்சுற்றின் நடுவிலும் படத்திற்காக நின்றுவிடுதல் கூடாது. பெருங்கூட்டத்தில் ஒருவர் நின்றால் நூறு பேர் நெருக்கப்படுவர். அந்நெருக்கத்தில் முதலில் விழுவோர் முதியோரும் குழந்தைகளுமே.

சந்நிதியில் முதுகு காட்டலாகாது என்பது நம் முன்னோர் வழக்கம். தொழுதபடியே பின்னோக்கி நடந்து வெளியேறுவோரை இன்றும் காண்கிறோம். செல்பி எடுப்பவரோ இறைவனுக்குப் புறங்காட்டித் தம் முகத்தைத் தாமே நோக்குகிறார். இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

மின்னொளி பாய்ச்சிப் படம் எடுத்தல் பழஞ்சுவரோவியங்கள் உள்ள இடங்களில் விலக்கப்பட்டுள்ளது. திருவிழாவில் யானையின் கண்ணில் அவ்வொளி பட்டால் அது மருளக்கூடும். கடத்தைத் தலையில் ஏந்திச் சாரத்தின் மீது ஏறும் சிவாசாரியாரின் கண் கூசினால் விளையும் இடரைச் சொல்ல வேண்டுவதில்லை. தூண்களிலுள்ள சிற்பங்களின் மீது சாய்ந்தும், யாளியின் மீது குழந்தையை ஏற்றியும் எடுக்கும் படங்கள், ஆயிரம் ஆண்டு நிற்கும் கல்லையும் நாளடைவில் தேய்த்துவிடும்.

பிறருடைய வழிபாடு நமக்குக் காட்சிப் பொருளன்று. திருக்குளத்தில் நீராடுவோர், அங்கப் பிரதட்சிணம் செய்வோர், சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்போர் ஆகியோரை அவர்கள் அறியாமல் படம் எடுத்தல் அறமன்று. அவர்கள் தம் குறையை இறைவனிடம் சொல்ல வந்தவர்கள். உலகத்தாரிடம் சொல்ல வந்தவர்கள் அல்லர். வெளிநாட்டு விருந்தினர் விதி அறியாமல் படம் எடுத்தால், கடிந்துரைக்காமல் இன்சொல்லால் எடுத்துரைத்தல் நம் பண்பாடு.

திருப்பணிக் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. குடமுழுக்கு நாளில் தேர்ந்த புகைப்படக்காரர் இருவரை மட்டும் அமர்த்தி, அவர்கள் நிற்கும் இடத்தையும் முன்னரே வரையறுத்து, எடுத்த படங்கள் ஊரார் அனைவர்க்கும் கிடைக்கும்படி செய்யலாம். 'நமக்கும் படம் வரும்' என்னும் நம்பிக்கை உண்டானால், ஆயிரம் கைகள் உயர வேண்டிய தேவை நீங்கும். வானில் பறக்கும் சிறு கருவிகளால் படம் எடுப்பதாயின், சட்டப்படி உரிய அனுமதி பெற்று, மக்கள் தலைக்கு மேலும் வேள்விச் சாலைக்கு மேலும் பறக்காதவாறு செய்தல் இன்றியமையாதது. மேலும், ஒவ்வொரு கோயிலும் தன் திருமேனிகள் அனைத்தையும் அளவோடும் குறிப்போடும் முறைப்படி படம் எடுத்துப் பாதுகாத்து வைக்குமாயின், அஃது இராசராசர் தொடங்கிய தொண்டின் தொடர்ச்சியே ஆகும்.

முடிவுரை

இம்மலரின் பக்கங்களிலும் படங்கள் உள்ளன. அவற்றைக் காணும் அன்பர்கள், எடுத்தவரின் பொறுமையையும் எண்ணிப் போற்றுக. படம் நினைவுக்குத் துணை; காட்சிக்கு மாற்றன்று. பத்தாண்டுகள் கழித்துக் கருவியில் உள்ள படம் அழிந்தும் போகலாம். கண்வழி நெஞ்சிற் புகுந்த திருவுருவம் அழியாது.

அம்மூதாட்டியாரை அடியேன் மீண்டும் கண்டேனில்லை. ஆயினும் எந்தக் கோயிலில் திரை விலகினாலும், 'தம்பி, கையைக் கொஞ்சம் இறக்கப்பா' என்னும் குரல் செவியில் ஒலிக்கின்றது. கை தானே இறங்குகிறது. சற்றே ஒதுங்கி நிற்கவும் தோன்றுகிறது. பின்னே நிற்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. நந்தனாராகவும் இருக்கலாம்.

அடியார்க்காக நந்தியை விலக்கிய பெருமான், நம் உள்ளத்திலும் விலகி நிற்கும் பண்பினை அருள்வானாக. இக்குடமுழுக்கைக் காண வந்த யாவரும், முன்னே நிற்பவரும் பின்னே நிற்பவரும் ஒருங்கே கண்டு மகிழ்வாராக.

சுபம்.